மரியநேசன் வீட்டுச் செபமாலை

நாரந்தனையில் யார் செத்தாலும் பங்குச் சுவாமிக்கு முன்னால் எனக்குத்தான் செய்தி வரும். பந்தல், கதிரை, சவுண்ட் செற், ஜெனறேற்றர் எல்லாம் ஊருக்கு வாடகைக்குக் கொடுப்பவன் நான். சுவாமியிடம் சொல்லப் போகிறவர்கள் போகிற வழியில் என் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கதிரை கிடக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இதைச் சொன்னால் சுவாமிக்குக் கோபம் வரும். வந்தாலும் உண்மை அதுதான்.

அதனால் இந்த ஊரில் என்னளவுக்குச் செபமாலை கேட்டவன் இருக்கமாட்டான். கேட்டவன் என்றுதான் சொல்கிறேன், செபித்தவன் என்று சொல்லவில்லை. செத்தவீட்டில் என் இடம் பந்தல் மூலையில், மிக்சருக்குப் பின்னால். மைக் கூவுகிறதா, ஸ்பீக்கர் இரைகிறதா, கரண்ட் போனால் ஜெனறேற்றர் கிளம்புமா என்பதுதான் என் கவலை. இப்படிப்பட்ட ஒருவன் ஒரு பெண்ணின் பக்தியைப் பற்றி எழுதுகிறான் என்றால் ஊரில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஜொய்சியின் குரலை என்னைவிடக் கூர்ந்து கேட்டவர் யாருமில்லை. ஆகவே எழுதுகிற உரிமையும் எனக்குத்தான்.

ஜொய்சி பிறந்தது நெடுந்தீவில். கலியாணம் முடித்து எங்கள் ஊருக்கு வந்தவர். புருசனுக்குக் கடற்தொழில், இவர் சங்கக்கடையில் நிற்கிறார். கட்டையான ஆள், கெதியான நடை. வரிசைக்கு இடையால் புகுந்து சீனி வாங்கப் பார்க்கிறவர்களுக்கு அவரின் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் செபம் சொல்லத் தொடங்கினால் அது வேறு குரல். நெடுந்தீவு வள்ளத்தில் பழகிய குரல் அது. காற்றுக் காலத்தில் வள்ளம் தூக்கிப் போடும்போது பெண்கள் எல்லாரும் சேர்ந்து செபமாலை சொல்வார்களாம். ஒருவர் முன்பாதியைச் சொல்ல மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிப்பது எங்கள் வழக்கம். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்கக்கூடிய குரல் சின்ன வயதிலேயே ஜொய்சியிடம் இருந்ததால் முன்பாதி அவருக்கு என்று ஆகிவிட்டது.

இங்கே வந்த பிறகும் அப்படித்தான். யாரும் அவரை நியமிக்கவில்லை. ஒரு செத்தவீட்டில் சொல்ல ஆளில்லாமல் தொடங்கினார், அடுத்த செத்தவீட்டில் அவரைத் தேடினார்கள். அவர் சொல்லத் தொடங்கினால் பந்தலுக்கு வெளியே இருந்து அரசியல் கதைக்கிற ஆம்பிளைகளும் குரலைத் தாழ்த்துவார்கள். செபமாலையின் பத்துப் பத்து மணிகளில் ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் செத்தவரின் பெயரைச் சொல்லி, அவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று சொல்வார். அந்த இடத்தில் அழாமல் இருந்த வீட்டுக்காரரை நான் கண்டதில்லை.

அரியநாயகம் வாத்தியார் செத்தபோதுதான் காரியம் வேறு பக்கம் திரும்பியது. அவரின் பிள்ளைகள் எல்லாரும் கனடாவில். விமானச் சீட்டுக் கிடைக்காமல் வீடியோவில் பார்த்து அழுதார்கள். செபமாலையைத் தனியாகப் பதிந்து அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். மிக்சரிலிருந்தே பதிந்தேன். நான் பதிந்ததிலேயே நல்ல பதிவு அது, இன்றைக்கும் அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவர்கள் அதை வட்ஸ்அப்பில் போட, ரொறன்ரோ, பாரிஸ், சுவிஸ் என்று போய்ச் சேராத இடமில்லை. தீவார் இருக்கிற இடமெல்லாம் ஜொய்சியின் குரல் கேட்டது. யார் யாரோ அவரின் போனுக்கு நன்றி எழுதினார்கள். குரலைக் கேட்டு உடம்பு புல்லரித்தது என்றார்கள், ஊருக்கு வந்தால் உங்களைக் காணாமல் போகமாட்டோம் என்றார்கள். ஜொய்சி எல்லாருக்கும் பதில் எழுதினார். பதில் எழுதாவிட்டால் பெருமைக்காரி என்று சொல்வார்களே என்று என் மனைவியிடம் சொன்னாராம்.

அந்த வருடம் மாரி முழுக்க அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. செத்தவீடுகளோ குறையவில்லை. அப்போது ஒரு வழி கண்டுபிடித்தோம். வாத்தியாரின் பதிவை எடுத்து, பெயர் வருகிற இடங்களை மட்டும் வெட்டி எறிந்தேன். பதிவு முன்பாதியைச் சொல்லும், சனம் பின்பாதியைச் சொல்லும், பெயர் வருகிற இடத்தில் ஜொய்சி மைக்கை எடுத்து அந்த வீட்டுப் பெயரைச் சொல்லுவார். அவ்வளவுதான் வேலை. ஒருவரும் குறை சொல்லவில்லை. பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. தொண்டை சுகமான பிறகும் அந்த வழி நின்றுவிட்டது. சங்கக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனிசி, கொஞ்சம் ஆறட்டுமே என்று நானும் நினைத்தேன்.

பிறகு மரியநேசன் செத்தான். கடலுக்குப் போகிறவன், நாற்பது வயதும் இருக்காது. விடியப் போய் வந்து வலையை உதறிக்கொண்டு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். மனைவி பிரியதர்சினி இறுப்பிட்டிப் பிள்ளை, சைவக் குடும்பம். கலியாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவள். எங்களுக்கெல்லாம் தாய்ப்பாலோடு வந்த செபங்களை அவள் வளர்ந்த பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பாடமாக்கினவள். அவளின் ஆட்கள் ஒரு பக்கமாக, என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பின்னேரம் செபமாலைக்கு நேரமாயிற்று. பெட்டியடியில் ஜொய்சி பாயில் இருந்தார். கையில் செபமாலை, மடியில் போன். நான் பென்ட்ரைவைச் செருகி, பதிவைத் தட்டிவிட்டேன். அதில் இரண்டு பதிவு கிடந்தது, பெயர் வெட்டினது ஒன்று, வெட்டாதது ஒன்று. எது ஓடுகிறது என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

முதல் பத்துக்கு முன்னால் ஸ்பீக்கரில் ஜொய்சியின் குரல் அரியநாயகத்தின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று சொன்னது. பந்தல் முழுக்கப் பின்பாதியைச் சொன்னது. கோயில் மூப்பர் சொன்னார், கன்னியர் மடத்துச் சகோதரிகள் சொன்னார்கள். சத்தம் நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பத்துக்கும் அரியநாயகத்தின் பெயரே போயிற்று, அதற்கும் எல்லாரும் பதில் சொன்னோம். ஜொய்சி குனிந்து ரொறன்ரோவுக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பத்துத் தொடங்கப் போகும்போது பிரியதர்சினி தலையை நிமிர்த்தினாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"அக்கா, இவற்ர பேர் மரியநேசன்."

ஜொய்சியின் பக்கத்தில் கிடந்த மைக் திறந்திருந்தது. அவள் சொன்னது ஒழுங்கை முனை வரைக்கும் கேட்டது. நான் வயரைப் பிடுங்கினேன். அவ்வளவு சனம் இருந்த பந்தலில் உண்மையாகச் செபித்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான் என்பது எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

ஜொய்சி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மைக் இல்லாமல், செபமாலையை முதலிலிருந்து தொடங்கிச் சொல்லி முடித்தார். முடிந்ததும் தேத்தண்ணி குடிக்க நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஊர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. பழியெல்லாம் என் தலையில்தான் விழுந்தது. நானும் ஏற்றுக்கொண்டேன், பிழையான பதிவைப் போட்டது நான்தானே. சுவாமி அவரைக் கூப்பிட்டு, இது மெசின் விட்ட பிழை, இதைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். அடக்கம் முடிந்த மறுநாள் நான் சங்கக்கடைக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஜொய்சி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"பிழை உங்கட பென்ட்ரைவில இல்லை, தயா அண்ணை. ரெண்டு தரம் வேற ஆளின்ர பேர் போச்சுது. பக்கத்தில இருந்த எனக்குக் கேக்கேல்லை. நான் அங்க இருக்கேல்லை."

மரியநேசன் வீட்டிலிருந்து திரும்பிய இரவு தன் வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். மாதா சுருபத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து செபிக்கப் பார்த்தாராம். நாலு வரி போனதும், குரல் நன்றாக வருகிறதா என்று தன் காது கவனிப்பது தெரிந்ததாம். சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாராம். மனம் வந்த நன்றிகளையெல்லாம் எண்ணிக்கொண்டு போயிற்றாம். ஆளில்லாத இடத்தில், கேட்க ஒருவருமில்லாமல், ஆண்டவரோடு கடைசியாக எப்போது கதைத்தேன் என்று யோசித்தாராம். ஞாபகத்துக்கு வரவில்லையாம். மற்றதெல்லாவற்றையும் விட அதுதான் அவரைப் பயப்படுத்தியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஜொய்சி ஒரு ஞாயிறு பூசையைத் தவறவிட்டவர் அல்ல. ஒருவரின் பொருளை எடுத்தவரோ ஒருவரின் குடியைக் கெடுத்தவரோ அல்ல. வெளியில் பார்த்தால் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. கடவுளை ஒரே நாளில் விட்டுப் போகிறவன் லேசாகத் திரும்பி வருவான், தான் வெளியே நிற்பது அவனுக்குத் தெரியும். கோயிலுக்குள்ளேயே இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறவருக்கு அதை யார் சொல்லுவது? எல்லாரும் கைதட்டிக்கொண்டல்லவா நிற்கிறோம். சுவாமியே பறவாயில்லை என்று சொன்ன பிறகு, பறவாயில்லை என்று விடாமல் இருந்த அந்தப் பிடிவாதத்துக்குத்தான் நான் தலை வணங்குகிறேன்.

அவர் பிரியதர்சினி வீட்டுக்குப் போனார். என் மனைவியும் கூடப் போனாள், அதனால் அங்கே கதைத்தது எனக்குத் தெரியும். ஜொய்சி மன்னிப்புக் கேட்டார். அந்தப் பிள்ளைக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ஜொய்சிக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நான் சொல்லுறது ஆண்டவருக்கு விளங்குமோ தெரியாது, அக்கா. பிந்திப் படிச்சனான்தானே. நீங்கள் சொன்னால் அவருக்குப் போய்ச் சேரும் எண்டு நினைச்சிருந்தனான்."

ஜொய்சி பாயை விரித்துவிட்டு, "நீர் சொல்லும், நான் பின்பாதி சொல்லுறன்" என்றாராம்.

அன்றிலிருந்து சங்கக்கடை பூட்டியதும் ஜொய்சியின் சைக்கிள் மரியநேசன் வீட்டுக்குத்தான் போகும். பிரியதர்சினி முன்பாதியைச் சொல்லுவாள். இடையில் சொல் மாறிப்போகும், அழுகை வரும், நிற்கும். ஜொய்சி எடுத்துக் கொடுக்காமல் காத்திருப்பார். அவள் திரும்பத் தொடங்கியதும் பின்பாதியைச் சொல்லுவார். மைக் இல்லை, பந்தல் இல்லை, பார்க்க ஆளில்லை. முப்பத்தோராம் நாள் நினைவோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன், முடியவில்லை. செத்தவீடுகளில் முன்பாதி சொல்லக் கூப்பிட்டால் மறுத்துவிட்டு, வந்து பின்வரிசையில் பெண்களோடு இருந்து பதில் சொல்லிவிட்டுப் போவார். போனைப் பின்னேரங்களில் புருசனிடம் கொடுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். அவருக்குப் பதிலாக ஊர்காவற்றுறையிலிருந்து கூட்டிவந்த ஒருவர் மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு கத்தினார். என் ஸ்பீக்கர் ஒன்று அந்தக் கத்தலோடு போய்ச் சேர்ந்தது. ஊரும் சும்மா இருக்கவில்லை. ஜொய்சிக்கு மவுசு கூடிவிட்டது, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமாம் என்று ஒரு பக்கம். மைக் இல்லாவிட்டால் அவவுக்குச் செபம் வராது என்று இன்னொரு பக்கம். வெளிநாட்டுக்காரர் பதில் இல்லையென்று மனம் நொந்தார்கள். வழியில் கண்ட இடத்தில் நானும், "என்ன, வானத்திலயிருந்து சம்மனசுகள் வந்து சொல்லிக் கொடுத்தால்தான் தொடங்குவீரோ?" என்று கேட்டேன். ஜொய்சி சிரித்துவிட்டுப் போனார். சங்கக்கடை வரிசையில் அவ்வளவு வாய் காட்டுகிறவர் இதில் மட்டும் ஒருவருக்கும் திருப்பிச் சொல்லவில்லை.

ஐப்பசி செபமாலை மாதத்துக்கு, கோயிலில் அவர்தான் முன்னின்று சொல்ல வேண்டும் என்று சுவாமி கேட்டார். எனக்கு இன்னும் பின்பாதிதான் தெரியும் சுவாமி என்று சொன்னாராம். சுவாமி முதலில் அதைப் பகிடி என்று நினைத்தார்.

அவருக்கு உள்ளே ஏதோ ஒளி தோன்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மாதக்கணக்காக ஒன்றும் இல்லை என்றுதான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். வாய் சொல்லும், மனம் கல்லுமாதிரிக் கிடக்கும். பிறகேன் விடாமல் போகிறீர் என்று இவள் கேட்டதற்கு, "வத்தின கிணத்துக்கையும் வாளி விடத்தான் வேணும். விடாட்டி ஊறினது எப்பிடித் தெரியும்?" என்றாராம். நல்ல தண்ணிக்கு நாயாய் அலைகிற தீவுகளில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தப் பேச்சு இயல்பாக வந்திருக்கும். என் மனைவி அதை என்னிடம் சொன்னபோது நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அதை நான் மறக்கவில்லை.

தபசு காலம் வந்து பாஸ்கா திருநாளும் முடிந்தது. அதற்குப் பிறகு என் அண்ணை செத்தார்.

அண்ணையை ஊரில் எல்லாரும் கப்பல் என்றுதான் கூப்பிடுவார்கள். இளமையில் கப்பலுக்குப் போகப் போகிறேன் என்று சொல்லித் திரிந்ததால் வந்த பெயர். போனது கள்ளுக் கொட்டிலுக்குத்தான். பழைய சுவாமியோடு சண்டை, மூப்பரோடு சண்டை, கோயில் பக்கம் அவர் கால் வைத்து எத்தனையோ வருடம். இப்படிப்பட்டவரின் செத்தவீட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். கதிரைகளை இறக்கும்போதே பாதிதான் இறக்கினேன். ஊர்காவற்றுறை ஆளும் வசதியில்லை என்று சொல்லிவிட்டார்.

நான் கேட்காமலே ஜொய்சி வந்தார். முன்பாதி தான் சொல்வதாகச் சொன்னார். நான் அவரைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்திருக்க வேண்டும்.

"சுவாமி கேட்டுச் சொல்லாதவள் இதுக்கு ஏன் வந்தனான் எண்டு பாக்கிறியள். உங்கட அண்ணைக்கு வேற ஒருத்தரும் வராயினம், அதுதான். அவற்ர ஞானஸ்நானப் பேர் என்ன?"

எனக்கு உடனே வாயில் வரவில்லை. கூடப் பிறந்தவனுக்கு வரவில்லை. அம்மா அவரைக் கூப்பிட்டதை நினைத்துப் பார்த்த பிறகுதான் வந்தது. சூசைப்பிள்ளை என்றேன். ஜொய்சி போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, அவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார், ஆளைத் தெரியாமல் அவருக்காக எப்படிக் கேட்பது என்றார். நான் சண்டைகளைத்தான் முதலில் சொன்னேன். அதெல்லாம் ஊருக்கே தெரியும், வேறு சொல்லுங்கள் என்றார். அப்போது, ஐயா செத்ததும் அண்ணை பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனதைச் சொன்னேன். அவர் போனதால்தான் நான் யாழ்ப்பாணத்தில் நின்று எலக்ரிக் வேலை பழகினேன். இந்த மிக்சர், இந்த மைக், இந்த ஸ்பீக்கர் எல்லாம் அந்தப் பழக்கத்தில் வந்தவைதான். இதை நான் அதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லும்போது அழுதேன்.

பின்னேரம் செபமாலை தொடங்கியது. மைக்கை வைக்கவா என்று கேட்டேன். வையுங்கள், மைக்கில் என்ன பிழை என்றார். நான் வழக்கம்போல என் மூலைக்குப் போனேன். இறக்கிய கதிரைகளிலும் பாதி வெறுமையாகக் கிடந்தது. ரொறன்ரோவிலிருந்து எங்கள் தங்கச்சியின் பிள்ளைகள், என் மருமக்கள், போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பத்துக்கு முன்னால் ஜொய்சி, இறந்துபோன எங்கள் சகோதரன் என்று சொல்லி நிறுத்தினார்.

அடுத்த சொல் வரவில்லை. வயர் விட்டுவிட்டது என்று நினைத்து என் கை தானாக மிக்சருக்குப் போனது. சிவப்பு லைற் எரிந்துகொண்டிருந்தது, ஒரு பிழையுமில்லை. லைன் கட்டாகிவிட்டதா என்று போனில் மருமகள் கேட்டது எனக்குக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஜொய்சி பெட்டிக்குள் கிடந்த அண்ணையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்து வீங்கிக் கறுத்த அந்த முகத்தை, அவசரமில்லாமல், இந்த ஆளுக்காகத்தான் நான் கேட்கப்போகிறேன் என்று தனக்குத்தானே உறுதிப்படுத்திக்கொள்கிறவரைப் போலப் பார்த்தார்.

பிறகு, "சூசைப்பிள்ளை" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். அம்மாவுக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி அவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. முன்பாதி முடிந்ததும் முதலில் பதில் சொன்ன குரல் பின்வரிசையில் இருந்த பிரியதர்சினியுடையது. அவளுக்கு அடுத்ததாகச் சொன்னது நான். மிக்சரை அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை.